மலைப்பாதை அடைபட்டாலும் ஆம்புலன்ஸ் ஓட வேண்டும்: குமுளி, கம்பம் பக்கத்துக்கான முன்னேற்பாடு

குமுளி மலைமேல், கேரளத்தில்; கம்பம் கீழே, தேனி மாவட்டத்தில். இரண்டுக்கும் இடையே ஆம்புலன்ஸ் ஓட ஐந்து வேண்டும்: போன், ஆக்சிஜன், வண்டி, டிரைவர், பாதை. இதில் எது போனாலும் எத்தனை நிமிடத்தில் மாற்று வரும் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதுங்கள். நிமிடம் எழுத முடியாத இடத்தில்தான் சேவை அறுந்துபோகும்.

முதலில் போன். அடைமழையில் கரண்ட் போய் டவர் பேட்டரியும் தீர்ந்தால், இரண்டு கம்பெனி சிம் வைத்திருந்தும் பயனில்லை. பல இடங்களில் இரண்டும் ஒரே டவரில்தான் இருக்கும். குமுளி ஆம்புலன்ஸ் நம்பர் கிடைக்காவிட்டால் அழைப்பு கம்பத்திலிருக்கும் ஆளுக்குப் போக வேண்டும். போனில் அழைப்பைத் திருப்பிவிடும் அமைப்பில் (கால் ஃபார்வேர்டிங்), 'தொடர்பு கிடைக்காதபோது' என்ற இடத்தில் அவர் நம்பரைப் போடுங்கள். சிக்னல் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். எல்லையோரத்தில் 108 அடித்தால், போன் பிடித்திருக்கும் டவரைப் பொறுத்து அடுத்த மாநிலத்துக்கும் போகலாம். அதனால் மாநிலம், மாவட்டம், பிறகு ஊர் என்று சொல்லச் சொல்லி எஸ்டேட் லயன்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பழக்குங்கள். வெறும் 'கூடலூர்' என்றால் போதாது; தேனி மாவட்டத்தில் இருப்பதுபோல் நீலகிரியிலும் ஒரு கூடலூர் உண்டு.

ஆக்சிஜனில்தான் கணக்கு அதிகம் தப்புகிறது. பி டைப் சிலிண்டர் முழுதாக இருந்தால் மீட்டர் முள் (பார் அளவில்) 150-இல் நிற்கும். உள்ளே சுமார் 1500 லிட்டர். முள் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் மிச்ச லிட்டர் வந்துவிடும். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் முழு சிலிண்டரே 100 நிமிடம்தான். குமுளியிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 1800 லிட்டர் வேண்டும். ஒரு சிலிண்டர் வழியிலேயே தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் நேரத்தை இரட்டித்துக் கணக்குப் போடுங்கள்: 3600 லிட்டர், அதாவது மூன்று பி டைப், அல்லது 7000 லிட்டர் பிடிக்கும் ஒரு டி டைப். சிலிண்டர் சாவியைச் சங்கிலியில் கட்டிவையுங்கள். நிறைந்த சிலிண்டர் இருந்தும் சாவி இல்லாமல் திறக்க முடியாமல் போவது நடக்கிற விஷயம். கசிவைச் சோப்புத் தண்ணீரால் பாருங்கள். வால்வில் எண்ணெய், கிரீஸ் பட்டால் தீப்பிடிக்கும்.

வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் ஒரு வண்டி மலைமேல், ஒன்று கீழே. டிரைவர்களையும் அதேபோல் பிரியுங்கள். எல்லா டிரைவருக்கும் வீடு கம்பத்தில் என்றால், லோயர் கேம்ப்புக்கு மேலே மண் சரிந்ததும் குமுளி வண்டி சும்மா நிற்கும். டீசல் பாதி டேங்குக்குக் கீழே இறங்கக் கூடாது.

குமுளி மலைப்பாதைக்கு மாற்று, கம்பம்மெட்டு வழியாகப் போகும் மலைப்பாதை. ஆனால் சபரிமலை சீசனில் பக்தர்களின் வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிடும் நாட்களில் அதுவும் நெரியும்; கிளம்புமுன் இரண்டு மாநிலப் போலீசுக்கும் சொல்லிவிடுங்கள். இரண்டு மலைப்பாதையும் அடைபட்டால், மலைமேல் இருக்கும் நோயாளியைக் கேரளத்திலேயே கோட்டயம் பக்கம் கொண்டுபோவதா, வண்டிப்பெரியாரில் முதலுதவி கொடுத்து வைத்திருப்பதா என்பதை யார் முடிவு செய்வார் என்று ஒரே ஒருவர் பெயரை எழுதுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் பெயர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாருக்கும் சொல்லாமல் மெயின் போனை அணைத்துவிட்டு வெளியிலிருந்து அழைத்துப் பாருங்கள். எழுதிய நிமிடத்துக்குள் வண்டி கிளம்பவில்லையென்றால், அன்றைக்கே அந்த வரியைத் திருத்துங்கள்.