வெனிஸ் தங்க டுகாட்டை அடையாளம் காண்பது எப்படி?

பழைய ஐரோப்பியத் தங்க நாணயம் ஒன்றில் ஆண்டு பொறிக்கப்படவில்லை என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். வெனிஸ் குடியரசில் ஜொவான்னி தண்டோலோ ஆட்சித் தலைவராக இருந்தபோது, 1284இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட டுகாட், அக்குடியரசு வீழ்ந்த 1797 வரை அநேகமாக ஒரே வடிவில் அச்சிடப்பட்டதால், அதன் காலத்தைக் கணிக்க உதவுவது அதிலுள்ள ஆட்சித் தலைவரின் பெயரே.

முன்புறத்தில் புனித மாற்கு நின்றபடி கொடியை நீட்ட, வலப்பக்கம் மண்டியிட்டிருக்கும் ஆட்சித் தலைவர் அதைப் பெற்றுக்கொள்வார். அவருடைய பெயர், பெரும்பாலும் சுருக்க வடிவில், அவருக்குப் பின்னால் விளிம்பையொட்டி இருக்கும். பின்புறத்தில் விண்மீன்கள் சூழ்ந்த நீள்வட்டத்துக்குள் கிறிஸ்து நிற்பார். எடை ஏறத்தாழ 3.5 கிராம், தங்கமோ கிட்டத்தட்டக் கலப்பற்றது.

எடையும் மஞ்சள் நிறமும் மட்டும் போதாது. இந்தியாவிலும் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையிலும் இதைப் பார்த்து அச்சிட்ட நாணயங்கள் பல உண்டு என்பதால், லென்ஸ் வைத்து எழுத்துகளைப் படியுங்கள்: லத்தீன் சொற்கள் பொருளற்ற கீறல்களாகச் சிதைந்திருந்தால் அது வெனிஸில் அச்சானதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அத்தகைய நகல்களிலும் நல்ல தங்கம் இருக்கக்கூடும், அவற்றைத் தேடிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே உருக்கக் கொடுத்துவிடாதீர்கள், மெருகும் ஏற்றாதீர்கள்.