காந்தப்புலம் வீசும் ஜெட்டை மாதிரியாக்குவது: முதல் கணக்கிலிருந்து

1918-ல் ஹீபர் கர்டிஸ் எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்திலிருந்து நேர்கோடாக நீளும் ஓர் ஒளிக்கதிரைப் பதிவு செய்தார். இன்று அதைத் தாரை, அதாவது ஜெட், என்கிறோம். பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களிலிருந்தும் இப்படித் தாரைகள் கிளம்புகின்றன. பொருளை உள்ளே இழுக்கும் ஒரு மையம் எப்படி வெளியே வீசுகிறது என்பதைக் கணினியில் நாமே செய்து பார்க்கலாம்.

புதிதாக வருபவர்கள் பலர் நேராகப் பெரிய மென்பொருளை இறக்கி ஓட்டத் தொடங்குவார்கள். வேண்டாம். முதலில் ஒரு மணியை ஓட்டுங்கள்.

படி 1: கம்பியில் கோத்த மணி

1982-ல் வானியற்பியலாளர்கள் பிளாண்ட்ஃபோர்டும் பெய்னும் காட்டிய வழி இது. சுழலும் வாயுத் தட்டில் காந்தப்புலக் கோடுகள் வேரூன்றி, தட்டோடு சேர்ந்து சுற்றுகின்றன. பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, அந்தக் கோட்டின் குறுக்கே போக முடியாது, நெடுக மட்டுமே நகரும். ஆகவே கோட்டை விறைப்பான கம்பியாகவும் பிளாஸ்மாவை அதில் கோத்த மணியாகவும் எடுத்துக்கொள்வோம்.

அளவுகளை எளிமையாக்கி, தொடக்க ஆரம், மையத்தின் ஈர்ப்பு, சுழற்சி வேகம் மூன்றையும் 1 என்று வையுங்கள். ஈர்ப்பும் மையவிலக்கும் சேர்ந்த ஆற்றல் இது:

ஆற்றல் = −(ஆரம்² ÷ 2) − (1 ÷ மையத்திலிருந்து தூரம்)

ஆரம் என்பது சுழல் அச்சிலிருந்து அளப்பது. தொடக்கப் புள்ளியில் விடை −1.5. இப்போது கம்பி வழியே 0.1 அளவு மேலே போங்கள். கம்பி தட்டோடு 45 பாகை சாய்ந்திருந்தால் −1.5051 வரும், ஆற்றல் குறைகிறது, மணி தானாக வெளியே ஓடும். 75 பாகையில் −1.4967, ஆற்றல் கூடுகிறது, மணி திரும்பி வந்துவிடும். கோணத்தை மாற்றி மாற்றிப் போட்டால் எல்லை 60 பாகையில் விழுவதை நீங்களே காண்பீர்கள்.

படி 2: ஓடவிடுங்கள்

பைத்தானில் இருபது வரிகூட வேண்டாம். கம்பி வழியே ஆற்றல் மாறும் வீதத்துக்கு எதிர்க்குறி போட்டால் முடுக்கம். காலப்படி 0.001. முடுக்கத்தால் வேகத்தைத் திருத்தி, திருத்திய வேகத்தால் இடத்தை நகர்த்துங்கள். மணியைச் சரியாகக் கம்பியின் தொடக்கப் புள்ளியான 0-வில் வைத்தால் அசையாது, ஏனென்றால் அங்கே விசைகள் சமன். 0.01-ல் வையுங்கள். 45 பாகையில், தட்டு ஒரு சுற்று முடிப்பதற்குள் மணியின் ஆரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 75 பாகையில் சும்மா ஊசலாடும்.

படி 3: கம்பி எங்கே வளைகிறது?

மணி வேகமெடுக்க, காந்தப்புலத்தால் அதை இழுத்துப் பிடிக்க முடியாமல் போகும். அந்த இடம் ஆல்ஃப்வென் பரப்பு. அதற்கு அப்பால் விறைப்பான கம்பி என்ற பேச்சே செல்லாது. கோடுகள் பின்தங்கிச் சுருளாகச் சுற்றிக்கொள்ளும், அந்தச் சுருளின் இறுக்கம்தான் தாரையை ஒடுக்கி வைக்கிறது.

ஆல்ஃப்வென் ஆரம் தொடக்க ஆரத்தைப் போல் 3 மடங்கு என்று கொள்வோம். இறுதி வேகம், தட்டின் சுழல்வேகத்தை √(2×9 − 3) ஆல் பெருக்கினால் கிடைக்கும் (9 என்பது அந்த 3-ன் வர்க்கம்), ஏறத்தாழ 3.9 மடங்கு. சூரியன் எடையுள்ள விண்மீனிலிருந்து ஒரு வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரி தூரம்) தூரத்தில் சுழல்வேகம் நொடிக்கு 30 கி.மீ. அப்படியென்றால் தாரை நொடிக்குச் சுமார் 116 கி.மீ. இளம் விண்மீன்களின் தாரைகளில் அளக்கப்படும் வேகங்களும் நூற்றுக்கணக்கான கி.மீ.தான். இவ்வளவு சின்னக் கணக்கு இந்த அளவுக்கு ஒத்துப்போவது எனக்கு இன்றும் வியப்பு.

படி 4: முழு உருவகப்படுத்தல்

அப்புறம் காந்தப் பாய்ம இயக்கவியல், அதாவது காந்தப்புலத்தோடு சேர்ந்து பாயும் பிளாஸ்மாவை முழுமையாகக் கணக்கிடுவது. அதற்கான மென்பொருள்கள் புளூட்டோ, அதீனா++ இரண்டும் இலவசம். தட்டைக் கணக்கிடாமல், கீழ் எல்லையாக மட்டும் நிறுத்தி, அச்சுச் சமச்சீரோடு இரு பரிமாணத்தில் தொடங்குங்கள்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, காந்தப்புலத்தின் விரிதல் (ஒரு புள்ளியிலிருந்து புலம் நிகரமாக வெளியேறும் அளவு) எப்போதும் 0 ஆக இருக்க வேண்டும். புலத்தைக் கட்டங்களின் முகங்களில் வைத்துக் கணக்கிடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத விசைகள் முளைக்கும். இரண்டாவது, அடர்த்தியின் கீழ்வரம்பு. அச்சருகே அடர்த்தி சரியச் சரிய ஆல்ஃப்வென் வேகம் (புலக்கோட்டின் வழியே அதிர்வு பரவும் வேகம்) ஏறி, காலப்படி நுணுகிக்கொண்டே போகும். அதைத் தடுக்கக் குறைந்தபட்ச அடர்த்தி ஒன்றை நிரலில் வைப்பார்கள். அந்த வரம்பு ஒவ்வொரு முறை செயல்படும்போதும் புதுப் பொருளைச் சேர்க்கிறது. சேர்ந்த பொருளைத் தனியாக எண்ணி, தாரையில் போகும் பொருளோடு ஒப்பிடுங்கள். அது கணிசமாக இருந்தால் உங்கள் திரையில் ஓடுவது தட்டிலிருந்து வந்த தாரை அல்ல.

படி 5: சோதனை

பாய்வு நிலைப்பட்டதும் ஒரே புலக்கோட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் வழியே ஓர் அலகு காந்தப் பாயத்துக்கான (பாயம் என்பது ஒரு பரப்பு வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) பொருள் பாய்வு, கோட்டின் சுழற்சி வீதம், மொத்தக் கோண உந்தம், மொத்த ஆற்றல் நான்கும் மாறக்கூடாது. வரைந்து பாருங்கள். வரைபடம் சாய்ந்தால் பிரிதிறனையோ எல்லை நிபந்தனையையோ திருத்துங்கள். அழகான வண்ணப் படத்தைவிட இந்த நான்கு தட்டையான கோடுகளை நான் நம்புவேன்.

தாரை நெளிந்து முறுக்கிக்கொள்வதைப் பார்க்க முப்பரிமாணம் கட்டாயம். அச்சுச் சமச்சீரில் அது வரவே வராது. கருந்துளையிலிருந்து நேரடியாக ஆற்றலை உறிஞ்சும் 1977-ன் பிளாண்ட்ஃபோர்ட்–ஸ்நாயெக் முறைக்குப் பொதுச் சார்பியல் சேர்ந்த நிரல் தேவை. மெதுவாகச் சுழலும் கருந்துளைக்கு, சுழற்சியை இரட்டித்தால் தாரையின் திறன் நான்கு மடங்காகும். காந்தப் பாயத்தை இரட்டித்தாலும் அப்படியே. அந்த நிரலை ஓட்டும்போது முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.