வடசென்னையில் ஹஸ்கி வளர்ப்பது: கைவிட வேண்டிய நம்பிக்கைகளும் செய்ய வேண்டிய வேலைகளும்

தண்டையார்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர், திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது காலை நடையில் ஒரு ஹஸ்கி நாயாவது கண்ணில் படுகிறது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அன்போடுதான் வாங்கியிருக்கிறார்கள். அந்த அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நாயைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதும் பக்கத்து வீட்டார் சொன்னதும் கைப்பேசிக் காணொளிகளில் பார்த்ததும் சேர்ந்து உருவாக்கிய நம்பிக்கைகள்தாம் அதற்கு ஆபத்தாக முடிகின்றன. இன்னும் வாங்காதவர்கள் நம் ஊருக்கு இந்த இனத்தை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட நாயைச் சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் கடமை என்பதால், இந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்காகவே எழுதப்பட்டது.

"பழகிடுச்சு" என்ற நம்பிக்கை

எல்லாவற்றிலும் கொடியது இதுதான். "குட்டியா இருக்கும்போது ரொம்பச் சேட்டைண்ணா, இப்ப நம்ம ஊருக்குப் பழகிடுச்சு, சத்தமே இல்லாமப் படுத்திருக்கு" என்று பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் இளைஞர் பெருமையாகச் சொன்னார். அவர் காட்டிய நாய், குளியலறையின் ஈரத் தரையில் வயிற்றை ஒட்டவைத்துப் படுத்து, கதவுக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடுக்கில் மூக்கை வைத்திருந்தது. வயது இரண்டைத் தாண்டாத ஹஸ்கி பகல் முழுவதும் அப்படிக் கிடந்தால் அது அடங்கிவிட்டதாகப் பொருளில்லை. உடம்பில் மேலும் சூடு ஏறாமல் இருக்க அது அசைவையே நிறுத்திக்கொண்டிருக்கிறது.

வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள், பனிப்பரப்பில் இலேசான சுமையை நெடுந்தொலைவு இழுத்துச் செல்வதற்காக வளர்த்தெடுத்த இனம் இது. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் (டிப்தீரியா) பரவியபோது, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தொலைவுக்கு மாற்றி மாற்றி ஓடி மருந்தைக் கொண்டுசேர்த்த நாய்க் குழுக்களில் ஹஸ்கிகள் முக்கியமானவை. அந்த ஓட்டம் இன்றும் அதன் உடலில் இருக்கிறது. நான்கைந்து மாதம் சென்னையில் இருந்ததால் அது மறைந்துவிடாது. உங்கள் நாய் பழகிவிட்டதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இரவில் குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டு, அதற்குப் பிடித்த பொம்மையை எடுத்துக் காட்டுங்கள். அங்கே துள்ளி விளையாடும் நாய் பகலில் முடங்கிக் கிடந்தால், அதை முடக்கியது வெப்பம்தான்.

காற்றும் ஏசியும் மொட்டைமாடியும்

"நம் பக்கம் கடற்காற்று இருக்கிறதே" என்று இராயபுரத்திலும் காசிமேட்டிலும் சொல்வார்கள். மனிதருக்கு வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பு பாதங்களில்தான் பெயரளவுக்கு உண்டு. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். கடற்காற்று வெப்பநிலையைச் சில டிகிரி குறைத்தாலும் காற்றில் ஈரத்தைக் கூட்டிவிடுகிறது. ஈரக்காற்றில் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே வெப்பமானியில் 34 டிகிரி காட்டும் புழுக்கமான மாலை, நமக்குத் தாங்கக்கூடியதாகத் தோன்றினாலும் ஹஸ்கிக்குக் கடுமையானதாக இருக்கலாம். மின்விசிறி மட்டும் போதும் என்ற எண்ணமும் இதே காரணத்தால் தவறு: வியர்க்காத உடம்பின் மேல் வீசும் வெப்பக்காற்று அதிகம் குளிர்விக்காது.

ஏசி அவசியம் என்பதில் மறுப்பில்லை. ஏசி இருந்தால் போதும் என்பதில்தான் பிழை. கத்திரி வெயில் நாட்களில் பகல் முழுவதும் அறையை ஏறத்தாழ 24 டிகிரியில் வைக்க வேண்டியிருக்கும், அதற்கான மின்கட்டணத்தை ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது மின்தடை. பெரும்பாலான வீடுகளின் இன்வெர்ட்டர் மின்விசிறியையும் விளக்கையும்தான் தாங்கும். எல்லாரும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், சன்னல் அடைத்த அறையில், மதியம் மின்சாரம் நின்றுபோனால் உள்ளே இருக்கும் நாய்க்கு வழியே இல்லை. எனவே மே, ஜூன் மாதங்களில் ஹஸ்கியைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். சாவியோடு ஒருவர் தெருவிலேயே இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

மொட்டைமாடியில் விட்டால் ஓடி விளையாடும் என்பதும் பரவலான நம்பிக்கை. வெயில் இறங்கிய பிறகும் அந்தத் தளம் வெகுநேரம் சூட்டை வைத்திருக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களால் முடியவில்லையென்றால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. மாடிச் சுவரைத் தாண்டுவதும் ஹஸ்கிக்குப் பெரிய வேலையில்லை.

நடைக்கு ஏற்ற நேரம் விடிவதற்கு முன்தான். அந்த நேரத்தில் காற்றில் ஈரம் கூடுதலாக இருக்கும் என்பது உண்மையே, ஆனாலும் தார்ச்சாலை அப்போதுதான் முழுமையாக ஆறியிருக்கும். வேகமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நாக்கைக் கவனியுங்கள். அதன் நுனி அகன்று கரண்டிபோல விரிந்து, நிறம் அடர்சிவப்பாகிவிட்டால் அன்றைய நடை அங்கே முடிந்தது. கோடையில் மிச்சமாகும் சக்தியை வீட்டுக்குள்ளேயே செலவழிக்க வைக்க வேண்டும்: உணவைத் தட்டில் போடாமல் பழைய துணிமடிப்புகளிலும் அட்டைப் பெட்டிகளிலும் ஒளித்து வைத்துத் தேடவிடுவது, கோழித் துண்டுகளை நீரோடு உறையவைத்து அந்தப் பனிக்கட்டியை நக்கக் கொடுப்பது ஆகியவை நல்ல பலன் தரும். மார்கழியும் தையும்தான் அதற்கு நம் ஊர் தரும் நல்ல மாதங்கள். அந்த அதிகாலைகளை வீணாக்காமல் நீண்ட நடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மொட்டை அடிக்கலாமா?

கூடாது. ஹஸ்கியின் ரோமம் இரண்டு அடுக்குடையது. வெளியே நீண்ட முரட்டு மயிர், உள்ளே பஞ்சுபோன்ற அடர்ந்த மயிர். வெளியடுக்கு நேரடி வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. அதைச் சிரைத்துவிட்டால் தோல் வெயிலில் கருகும், ரோமம் மீண்டும் சீராக வளராமலும் போகலாம். அதற்காக ரோமமே அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது என்று எண்ணிவிடவும் வேண்டாம். உடலுக்குள் உண்டாகும் சூட்டை வெளியேற விடாமல் பிடித்துவைப்பதும் அதே ரோமம்தான்.

நாம் செய்யக்கூடியது, உதிர்ந்த உள்மயிரை அங்கேயே தங்கவிடாமல் எடுப்பது. குளிர்நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கொத்துக் கொத்தாக உதிரும். நம் ஊரில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் உதிர்ந்துகொண்டே இருக்கும். உள்மயிருக்கென்று விற்கும் நீண்ட பல் சீப்பைக் கொண்டு, தொடையின் பின்புறம், வால் அடி, காதுக்குப் பின்னால் ஆகிய இடங்களில் ரோமத்தைப் பிரித்துப் பிரித்து, தோல் தெரியும்படி வாருங்கள். சரியாக வாரிய இடத்தில் ஊதினால் மயிர் விலகித் தோல் தெரியும். வாராத இடத்தில் ஊதினால் கம்பளிபோல அப்படியே நிற்கும். வீட்டில் இழுப்புநோய் (ஆஸ்துமா) உள்ளவர் இருந்தால் இந்த மயிரை அவருடைய உடல்நிலையோடு சேர்த்து யோசிக்க வேண்டும். தினமும் குளிப்பாட்டுவதும் நல்லதன்று. உள்மயிர் முழுதாக உலர நம் புழுக்கத்தில் வெகுநேரம் ஆகும்; உலராமல் இருந்தால் தோலில் புண்ணும் பூஞ்சையும் வரும்.

வெப்பத்தாக்கு வந்தால்

இடைவிடாத இரைப்பு, கட்டியான எச்சில், இரத்தச் சிவப்பான ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவற்றைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி தேட வேண்டும். உடல் முழுவதும், குறிப்பாக வயிறும் தொடை இடுக்கும் நனையும்படி தண்ணீரை ஊற்றி, ரோமத்துக்குள் விரல் விட்டுத் தோல்வரை நனைத்து, மின்விசிறியின் கீழ் வையுங்கள். ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். சிறிது நேரத்தில் அந்தத் துண்டே சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மே மாத மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து குழாய் வழியாக வருவது வெந்நீர். ஆகையால் கோடை முழுவதும் குளியலறையில் ஒரு பெரிய வாளித் தண்ணீரை நிழலில் பிடித்து வைத்திருங்கள்.

உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இது காய்ச்சல் இல்லை என்பதால் அது பயன்படாது, அந்த மாத்திரை நாய்க்கு நஞ்சாகவும் முடியலாம். நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 பாரன்ஹீட், 104ஐத் தாண்டினால் ஆபத்து. வெப்பமானி வைத்திருந்தால் 103.5க்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்தலாம். எழுந்து நின்று வாலை ஆட்டினாலும் மருத்துவரிடம் கொண்டுசெல்லத்தான் வேண்டும், ஏனெனில் சிறுநீரகமும் குடலும் பட்ட பாதிப்பு பல மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நம் பகுதிக்கு அருகில் இருப்பது பெரிய வசதி. அங்கும் உங்கள் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளிலும் எந்த நேரத்தில் அவசரச் சிகிச்சை கிடைக்கும் என்பதை இப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

காவலும் ஊளையும்

ஓநாய்போல இருப்பதால் திருடன் அஞ்சுவான் என்று நினைத்து வாங்குவோர் உண்டு. இது ஓநாய்க் கலப்பும் இல்லை, காவல் நாயும் இல்லை. முன்பின் தெரியாதவரையும் வாலாட்டி வரவேற்பதே ஹஸ்கியின் இயல்பு. காவலுக்கு வேண்டுமென்றால் கோம்பையும் இராஜபாளையமும் நம் மண்ணிலேயே இருக்கின்றன.

குரைப்பதைவிட ஊளையிடுவதே ஹஸ்கிக்கு வழக்கம், நம் தெருக்களில் இது சிறிய விஷயம் இல்லை. நாய் ஊளையிட்டால் அந்தத் தெருவில் சாவு விழும் என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும், நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டிலிருந்து நள்ளிரவில் ஊளை கேட்டால் அந்தக் குடும்பம் கலங்கிப்போவதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அவர்களோடு வாதாடுவதால் பயனில்லை. குட்டி வந்த வாரமே அக்கம்பக்கத்தாரிடம் போய், இந்த இனம் பேசுவதே இப்படித்தான் என்று சொல்லி, பகலில் ஒருமுறை அது ஊளையிடுவதை அவர்களே பார்க்கும்படி செய்யுங்கள். அதோடு, தனிமையும் ஓடாத கால்களுமே ஊளையைப் பெருக்குகின்றன என்பதால், இரவு உணவுக்கு முன் ஒரு மணி நேரம் அதோடு விளையாடுங்கள். அடிப்பதால் ஊளை நிற்காது.

கயிறு, உணவு, உண்ணி

அழைத்தால் திரும்பி வரும் என்று நம்பிக் கயிற்றை அவிழ்க்காதீர்கள். வேட்டை உந்துதல் மிகுந்த இனம் இது. நம் தெருக்களிலோ ஆடும் நாட்டுக்கோழியும் பூனையும் வாசலுக்கு வாசல் உண்டு. ஒரு கோழியைக் கண்டு பாய்ந்த நாய், எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் நிற்கும். கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்வதில் கெட்டிக்காரன் என்பதால், மார்போடு பொருந்தும் பட்டையே பாதுகாப்பானது.

உருவத்தைப் பார்த்து நிறைய உண்ணும் என்று நினைப்பார்கள். வளர்ந்த ஆண் ஹஸ்கியின் எடை 20 முதல் 27 கிலோதான்; குறைந்த தீனியில் நெடுந்தொலைவு ஓடப் பழகிய உடல் அது. கோடையில் தானாகவே உணவைக் குறைத்துக்கொள்ளும், அப்போது வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். தயிர்சோறும் பாலும் மட்டும் கொடுத்து வளர்ப்பதும் சரியன்று. துத்தநாகச் சத்தை உடல் சரிவர ஏற்காத தோல்நோய் ஹஸ்கிகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. தானிய உணவு மிகுந்தால் அந்தச் சத்து இன்னும் குறைவாகவே சேரும். கண்ணையும் வாயையும் சுற்றிச் செதில் படிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியின் மிச்சத்தை வைப்பது நம் வீட்டு வழக்கம். அதிலுள்ள வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும்.

வீட்டுக்குள் வளரும் நாய்க்கு உண்ணி வராது என்பதும் உண்மையில்லை. நாய் உண்ணி சுவர் வெடிப்பிலேயே முட்டையிட்டுப் பெருகும். அடர்ந்த ரோமத்துக்குள் பத்து உண்ணி இருந்தாலும் மேலே தெரியாது. சீப்பால் வாரும்போதே காது மடலின் உள்பக்கத்தையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். மழைக்காலத்தில் தெருவில் தேங்கிய நீரில் நடக்கவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் தடுப்பூசியை மறக்காதீர்கள்.

வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் முன்

நீலக்கண் இருந்தால்தான் அசல் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். பழுப்புக் கண்ணும், ஒரு கண் நீலம் மறு கண் பழுப்பு என்பதும் இந்த இனத்தில் இயல்பானவையே. கண்ணின் நிறத்தை விட்டுவிட்டு, தாய் தந்தைக்குக் கண்புரை இருந்ததா என்று கேளுங்கள். அது இந்த இனத்தில் பரம்பரையாக வருவது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்குள்ள தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்களில் ஹஸ்கியையும் சேர்த்தது. அது நீதிமன்றம்வரை சென்ற விவகாரம். வளர்ப்பவர் மாநகராட்சி உரிமம் பெற வேண்டும், அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று தேவை.

இவ்வளவையும் செய்ய இயலாது என்று உணர்ந்தால், நாயைக் கடற்கரையிலோ தொலைவிலுள்ள சாலையிலோ விட்டுவிடாதீர்கள்; இந்த இனம் நம் தெருவில் ஒரு கோடைப் பகலைத் தாண்டுவதே அரிது. முதலில் கருத்தடை செய்துவிட்டு, நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் வீடுள்ள உறவினர் நண்பர்களிடம் விசாரியுங்கள், கால்நடை மருத்துவர்களிடமும் சொல்லிவையுங்கள். ஏற்பவர் கிடைத்தால் நேரில் போய் இடத்தைப் பார்த்து, தடுப்பூசி அட்டையையும் உரிமத் தாளையும், அது எதை உண்ணும், எதற்கு அஞ்சும், எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் என்று எழுதிய ஒரு தாளையும் நாயோடு சேர்த்துக் கொடுங்கள்.