பிரான்ஸ் கிராமத்தில் ஓட்டம்: உங்கள் முதல் பாதையை நீங்களே போடுவது எப்படி

பிரான்ஸில் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு வாரம் தங்கப் போகிறீர்கள். ஓடுகிற ஷூவைப் பெட்டியில் வைத்தாயிற்று. போய் இறங்கியதும் எந்தப் பக்கம் ஓடுவது என்று குழப்பம் வரும். கேட்கலாம் என்றால் மதியம் பன்னிரண்டரைக்குத் தெருவில் பூனைகூட இருக்காது. ஆனால் அங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை. மரத்திலும் மதில் சுவரிலும் கம்பத்திலும் பெயின்ட்டால் வழி எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். நான் ஓடிப் பழகியது பர்கண்டியில், கிளூனி ஊரைச் சுற்றி. அதனால் உதாரணங்களை அங்கிருந்தே தருகிறேன்.

படி 1: முதல் இரண்டு நாள் பழைய ரயில் தடத்தில்

ரயில் நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை போட்டிருப்பார்கள். இதற்கு ‘வுவா வெர்த்’ என்று பெயர், பசுமை வழி என்று அர்த்தம். ஜிவ்ரியிலிருந்து கிளூனி வரை 44 கிலோமீட்டருக்கு 1997-ல் திறந்ததுதான் நாட்டிலேயே முதலாவது. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் இல்லை. காரும் வராது. கிளூனியின் பழைய ஸ்டேஷனில் தொடங்கி வடக்கே தெசே பக்கம் இரண்டரை கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள். ஒரு பக்கம் க்ரோன் ஆற்றுச் சமவெளி, வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று ஷரொலே மாடுகள். வலது ஓரமாகவே ஓடுங்கள், சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள்.

உண்மையைச் சொன்னால் மூன்றாம் நாள் அலுத்துவிடும். போன வழியிலேயே திரும்ப வேண்டும், தரையும் தார். அப்போது காட்டுப்பக்கம் திரும்பலாம்.

படி 2: பெயின்ட்டைப் படியுங்கள்

மூன்று வகைக் கோடுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு பட்டைக் கோடு இருந்தால் அது ஜி.ஆர்., அதாவது நெடுந்தூரப் பாதை. ஊர் ஊராக, மாவட்டம் மாவட்டமாகப் போய்க்கொண்டே இருக்கும். 1947-ல் ஒரு தன்னார்வக் கமிட்டி இதைத் தொடங்கியது. இன்றைக்கும் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகப் போய்க் கோடு புதுப்பிப்பவர்கள் தன்னார்வலர்கள்தான். மஞ்சளும் சிவப்புமாக இருந்தால் ஒரு வட்டாரத்தையே சுற்றி வரும் பாதை, அதற்குப் பல நாள் பிடிக்கும். ஒற்றை மஞ்சள் கோடு மட்டும் என்றால் பி.ஆர்., உள்ளூர்ப் பாதை. பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். புதிதாக ஓடுபவருக்கு என் சிபாரிசு மஞ்சள்தான். ஜி.ஆர். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது உங்களை அடுத்த ஊரில் விட்டுவிடும், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வர பஸ்ஸும் இருக்காது.

கோட்டின் அடியில் வளைந்த அம்புக்குறி இருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். கோடுகள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே போட்டிருந்தால் இந்த வழி இல்லை என்று அர்த்தம். எல்லாவற்றிலும் முக்கியமானது இந்தப் பெருக்கல் குறிதான். ஒருமுறை, பாதை பிரியும் இடத்தில் ஐவிக்கொடி அந்தக் குறியை மூடியிருந்தது. நல்ல இறக்கம், கால் தானாகப் போயிற்று. ஐந்து நிமிடம் கழித்து ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே சங்கிலியை இழுத்துக்கொண்டு ஒரு நாய், ஜன்னலில் ஒரு பாட்டி. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு பிரிவிலும் எந்த வழியில் போனாலும் இருநூறு மீட்டருக்குள் அடுத்த கோடு கண்ணில் பட வேண்டும். படவில்லை என்றால் பேசாமல் திரும்பி வந்து மற்ற வழியைப் பார்ப்பேன்.

படி 3: வரைபடத்தில் சுற்றைப் போடுங்கள்

ஐ.ஜி.என். என்பது அரசின் நிலவரைபட நிறுவனம். அவர்களுடைய 1:25,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், கணக்கு சுலபம். ஃபோனில் அவர்களின் ஆப்பும் இலவசம். பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும் என்பதால் கிளம்புமுன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள், அப்புறம் பக்கத்துக் கிராமத்தின் தேவாலயம். இரண்டுக்கும் நடுவே ஒரு மண்பாதையில் போய் வேறு பாதையில் திரும்ப முடிகிறதா என்று தேடுங்கள். முடிந்தால் சுற்று தயார். பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து போகும் கோடுகள் உயரத்தைக் காட்டுபவை, அவை நெருங்கி இருந்தால் அங்கே செங்குத்து. நூறு மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டர் கூடுதல் ஓட்டமாகக் கணக்குப் போடுவது மலைப்பாதை ஓட்டக்காரர்களின் பழக்கம். எட்டு கிலோமீட்டர் சுற்றில் 200 மீட்டர் ஏற்றம் என்றால் பத்து கிலோமீட்டர் ஓடும் தெம்பு வேண்டும். செங்குத்தில் நடந்தே ஏறுங்கள், எல்லோரும் அப்படித்தான்.

‘ப்ரொப்ரியேத்தே ப்ரிவே’ என்று பலகை இருந்தால் தனியார் நிலம், உள்ளே போகாதீர்கள். மாட்டு வேலியில் கதவு இருந்து பாதை அதன் வழியே போகிறது என்றால் திறந்து போகலாம், மறக்காமல் மூட வேண்டும். மெல்லிய வெள்ளைக் கம்பியோ பட்டையோ கண்டால் கை வைக்காதீர்கள், கரன்ட் ஓடும்.

படி 4: தண்ணீர்

அரை லிட்டர் கையில் இருந்தால் போதும், நிரப்பிக்கொள்ள வழி உண்டு. கிராமத்தில் கடையைத் தேடாதீர்கள், கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக அநேகமாக எல்லா இடத்திலும் கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குழாய் இருக்கும். எனக்கும் முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சகஜமாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குழாயின் மேல் ‘ஓ நோன் பொத்தாப்ள்’ என்று இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. யாராவது இருந்தால் முதலில் ‘பொன்ழூர்’ சொல்லிவிடுங்கள். அது இல்லாமல் பேச்சைத் தொடங்கினால் முகம் சுளிப்பார்கள்.

படி 5: வேட்டை, நாய், சாலை

செப்டம்பர் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை வேட்டைக் காலம். தேதி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பாதை ஓரத்தில் ‘ஷாஸ் ஆன் கூர்’ (வேட்டை நடக்கிறது) என்ற பலகையோ, ஆரஞ்சு மேலாடை போட்டவர்கள் வரிசையாக நிற்பதோ தெரிந்தால் அந்தக் காட்டை விட்டுவிடுங்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த குறி அது. அந்த மாதங்களில் உங்கள் சட்டையும் ஆரஞ்சாக இருக்கட்டும். ஞாயிறு காலைகளில் நான் ரயில் தடத்தோடு சரி.

ஆல்ப்ஸ், பிரனீஸ் பக்கம் போனால் ஆட்டு மந்தையைக் காக்கும் ‘பத்தூ’ என்ற பெரிய வெள்ளை நாய் வரலாம். ஓடாதீர்கள். நின்று, மெதுவாக நடந்து, மந்தையைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் ஓட வேண்டி வந்தால் இடது ஓரம். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போவதால் எதிரே வருவது உங்களுக்குத் தெரியும். அவசரம் என்றால் 112.

படி 6: திரும்பி வந்ததும்

புல் உரசிய பாதையில் ஓடினால் குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். எள்ளுபோலக் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது உண்ணி, லைம் நோயைப் பரப்பக்கூடியது. எண்ணெய் தடவாதீர்கள், நசுக்காதீர்கள். மருந்துக் கடையில் ‘தீர் தீக்’ கேட்டால் சின்ன பிளாஸ்டிக் கொக்கி தருவார்கள். அதை உண்ணிக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, மெல்லச் சுழற்றினால் முழுசாக வந்துவிடும். தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பெரிதாகிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.