மைதான வேகம் மலையில் எடுபடாது

வேலூர் கோட்டை மைதானத்தில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று சீராக ஓடுகிறவர்கள், ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் ட்ரெயில் ஓட்டத்துக்கு, அதாவது கரடுமுரடான மலைத்தடத்தில் ஓடும் போட்டிக்கு, பெயர் கொடுத்ததும் போடும் முதல் கணக்கே தப்பாகிவிடுகிறது. 21 கிலோமீட்டரா? இரண்டு மணி ஆறு நிமிடம். மலை என்பதால் இன்னொரு கால் மணி. அது போதவே போதாது. சர்வதேச ட்ரெயில் ஓட்டச் சங்கம் பின்பற்றும் முறை எளிது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மொத்த ஏற்றம் 900 மீட்டர் என்றால் 21 கிலோமீட்டர் 30 ஆகிவிடும். ஆறு நிமிடக் கணக்கில் மூன்று மணி நேரம். கல்லும் முள்ளுமான தடத்துக்கு அதற்கு மேலும் ஆகும். பெயர் கொடுக்கும்போதே மொத்த ஏற்றம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

பாலமதி மலைப்பாதையில் ஒரு தம்பியோடு பயிற்சிக்குப் போயிருந்தேன். ஏற்றம் தொடங்கியதிலிருந்து அவர் கண் வாட்சிலேயே இருந்தது. "அண்ணா, கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம் காட்டுதுண்ணா" என்று சொல்லி வேகத்தைக் கூட்டினார். சில வளைவுகள் தாண்டியதும் பேச்சு நின்றது. அப்புறம் பாதையோரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் துடிப்பது எனக்கே தெரிந்தது. நல்ல ஓட்டக்காரர். அன்று அவரைக் கவிழ்த்தது அந்த எட்டு என்ற எண்தான்.

ஏற்றத்தில் பார்க்க வேண்டியது வாட்சை அல்ல, மூச்சை. ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? சரி, அப்படியே போங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா? நடங்கள். நடப்பதைத் தோல்வி என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. செங்குத்தான இடத்தில் ஓடுபவருக்கும் வேகமாக நடப்பவருக்கும் அதிக இடைவெளி விழாது. நடப்பவரிடம் தெம்பு மிச்சம் இருக்கும். லேசாக முன்னே சாய்ந்து, கைகளைத் தொடையில் ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

ஏறும்போது விட்டதை இறங்கும்போது பிடித்துவிடலாம் என்பதையும் நம்பாதீர்கள். இறக்கத்தில் மூச்சு வாங்காது, அதனால் சுலபமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தச் சேதம் அப்போதே தெரியாது. கடைசி ஐந்து கிலோமீட்டர் சமதளத்தில் கால் மடங்க மறுக்கும்போது தெரியும். அடியைக் குறுக்கி, கால்களை வேகமாக மாற்றி வையுங்கள், நாலைந்து அடி முன்னால் பாருங்கள். பயிற்சியிலும் ஏறிவிட்டு பைக்கில் இறங்கி வராதீர்கள். ஓடியே இறங்கிப் பழகுங்கள்.

முழுப் பாதைக்கும் ஒரே சராசரி வைக்காமல் ஏற்றம், சமதளம், இறக்கம் என்று பிரித்துத் தனித்தனி நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். விடியலில் கிளம்பினாலும் ஒன்பது மணிக்குப் பாறை அனலடிக்கும். பின்பாதிக்கு முன்கூட்டியே நேரம் கூட்டி வையுங்கள். தண்ணீரையும் தூரத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. "ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை குடிப்பேன்" என்பது மைதானத்தில் அரை மணிக்கு ஒருமுறை. மலையேற்றத்தில் அதே ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வாட்சை ஒலிக்க வைத்து, ஒலித்ததும் இரண்டு வாய் குடியுங்கள்.