ஆமென் சொல்லும் முன்: விசுவாசத்தில் வளர நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனில் மீன் வாங்குகிற எந்தப் பெண்ணும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டாள். சிவப்பாக இருக்கிறதா, கண் குழி விழுந்திருக்கிறதா, வயிற்றை அழுத்தினால் விரல் பதிகிறதா, எல்லாம் பார்ப்பாள். விற்கிறவர் சொந்த மச்சானாக இருந்தாலும் பார்ப்பாள், அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அதே பெண்ணிடம் சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் யாராவது "கர்த்தர் உனக்குச் சொல்லச் சொன்னார்" என்று ஆரம்பித்தால் போதும், ஒன்றுமே பார்க்காமல் ஆமென் சொல்லிவிடுகிறாள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, கையில் காசு இருக்காது. அப்படி ஒரு தடைக்காலத்தில் வெளியூரிலிருந்து வந்த தேவ ஊழியர் ஒருவர் என் சித்தப்பாவின் தலையில் கை வைத்து, 40 நாளில் உனக்குச் சொந்தப் படகு என்றார். வீடே அழுது துதித்தது. சித்தப்பா, சித்தியின் சங்கிலியை அடகு வைத்து ஒரு பழைய படகுக்கு முன்பணம் கொடுத்தார். மீதிப் பணம் எங்கிருந்தும் வரவில்லை, கெடு முடிந்து முன்பணமும் போனது. கேட்டதற்கு, உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று பதில் வந்தது. படகு போனதைவிட அந்த வார்த்தைதான் அவரை உடைத்தது. இரண்டு வருஷம் அவர் கோவில் வாசலை மிதிக்கவில்லை.

சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் என்று நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் எழுதுவதற்கு முந்தின வசனமே தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்பது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்: தூக்கி எறியவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் தேடிப் பார்த்தார்கள், அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரம் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது.

அப்புறம், வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுப்பது. புதுவருஷ ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம் இல்லையா, அதில் கர்த்தர் நம்மேல் நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற எரேமியா 29:11 யாருக்காவது வந்தால் முகம் மலர்ந்துவிடும். சரி, நல்ல வசனம்தான். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதின கடிதம், அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது, அதற்கும் மேலே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அங்கேயே குடியிருங்கள் என்று இருக்கிறது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்பவன் ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாக பாபிலோனுக்குப் போனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வரும் என்கிறான். அதைக் கேட்டு எரேமியாவும் முதலில் ஆமென் என்றுதான் சொல்கிறார், கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. சமாதானம் வரும் என்று ஒருவன் சொன்னால் அது நடக்கும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினார் என்று தெரியும் என்கிறார். சித்தப்பா வீட்டில் அன்றைக்கு இந்த இரண்டாவது பகுதியைச் சொல்ல ஒருத்தர்கூட இல்லை, நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

என் அம்மா வீடு ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். சின்ன வயதில் ஓரியூர் திருவிழாவுக்குக் கூட்டிப்போவார்கள், 1693-இல் அருளானந்தர் தலை வெட்டுண்ட இடம், அந்தச் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிவிடுவார்கள். அவர் இயேசு சபைக் குரு. அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் ஒரு விதி வைத்திருக்கிறார்: மனம் வறண்டு, ஜெபம் ஒட்டாமல் கிடக்கிற நாட்களில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். வருமானம் நின்று மனம் ஒடிந்திருக்கும்போதுதான் சபையை மாற்றுகிறோம், தொழிலை விடுகிறோம், பிள்ளைக்கு அவசரமாக வரன் முடிக்கிறோம். அந்த நேரத்தில் காதில் விழுவது தேவசத்தமா, நம் பயமா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பு இருக்காது.

தீர்க்கதரிசனம் மாதிரி ஆவியின் வரங்களை வைத்து முதிர்ச்சியை அளப்பதும் தவறுதான். கொரிந்து சபைக்கு ஒரு வரத்திலும் குறைவில்லை, ஆனாலும் பவுல் அவர்களைக் குழந்தைகள் என்கிறார், காரணம் பொறாமையும் வாக்குவாதமும். இன்னொன்று, பகுத்தறியும் வரம் என்ற பெயரில் அடுத்தவர் குற்றத்தை எண்ணிக்கொண்டிருப்பது. அது வரம் இல்லை, பழக்கம்.

இப்போது எங்கள் வீட்டில் பணம், கல்யாணம், வெளிநாட்டு வேலை, இந்த மூன்றிலும் யார் என்ன வார்த்தை சொன்னாலும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். அந்த வசனம் வருகிற அதிகாரத்தை முழுதாக வாசிக்கிறோம், எங்களிடம் எந்த ஆதாயமும் இல்லாத பெரியவர்கள் இரண்டு பேரிடம் காட்டுகிறோம். இன்றைக்கே செய் என்று அவசரப்படுத்தினால் ஒதுக்கி வைக்கிறோம். சொன்னவரிடமே கேள்வி கேட்கிறோம், கேட்டதும் கோபம் வருகிறதா என்றும் கவனிக்கிறோம். சித்தப்பாவும் இப்போது கூட்டத்துக்கு வருகிறார், பின் வரிசையில் உட்காருவார். அந்தச் சங்கிலியை மீட்க மூன்று வருஷம் ஆனது, சித்தி கடலில் முங்கிப் பாசி எடுத்த காசில்.