நாற்பது நிமிடம், இரண்டு நாற்காலி: வீட்டுப் பெரியவரின் கதையை ‘ஸ்டோரிகார்ப்ஸ்’ முறையில் ஒலிப்பதிவு செய்வது எப்படி?

அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆரின் காலைச் செய்தி நிகழ்ச்சி ‘மார்னிங் எடிஷன்’. வெள்ளிக்கிழமைகளில் அதன் நடுவே சுமார் மூன்று நிமிடம் செய்தி நின்றுவிடும். யாரென்றே தெரியாத இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள்: ஒரு தாயும் மகனும், நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த கணவனும் மனைவியும், ஒரே தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த இருவர். நடுவில் நிருபர் கிடையாது. பேச்சு முடிந்ததும் மறுபடி செய்தி தொடங்கும். ஆனால் கேட்டவருக்கு அந்தக் குரல் அன்று முழுவதும் காதிலேயே இருக்கும்.

‘ஸ்டோரிகார்ப்ஸ்’ என்ற இந்தத் திட்டத்தை டேவ் ஐசே என்ற வானொலித் தயாரிப்பாளர் 2003 அக்டோபரில், நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறை வைத்துத் தொடங்கினார். ஒருவரையொருவர் நன்கு அறிந்த இருவர் உள்ளே போவார்கள். நாற்பது நிமிடம் பேசுவார்கள். உதவியாளர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து கருவிகளைப் பார்த்துக்கொள்வார். பதிவின் ஒரு பிரதி அவர்களுக்கு. அவர்கள் சம்மதித்தால் இன்னொரு பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையத்துக்குப் போகும்.

இந்த முறையை அப்படியே வீட்டில் செய்யலாம். 2015-இல் டெட் (TED) உரைகளை நடத்தும் அமைப்பின் பரிசு கிடைத்தபோது ஐசேயின் குழுவே கைபேசிச் செயலி ஒன்றை உருவாக்கியது. ஆக, தனி அறை வேண்டியதில்லை, ஒரு போன் போதும். நான் என் பெரியம்மாவிடம் இதைச் செய்தேன். அதில் கற்றதையும், அந்த வானொலிக் கதைகளில் கவனித்ததையும் சேர்த்துப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

கிராண்ட் சென்ட்ரல் அறையை ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தவர் ஸ்டட்ஸ் டெர்கல். சாதாரண மனிதர்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர். அப்போது அவருக்கு 91 வயது. இந்த நிலையத்துக்கு ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார் என்பது தெரியும், ஆனால் இதற்குச் செங்கல் அடுக்கியவர் யார், தரையைப் பெருக்கியவர் யார் என்று அன்றைக்குக் கேட்டார்.

உங்கள் குடும்பத்திலும் அந்தக் கண்ணோடு தேடுங்கள். விசேஷங்களில் மைக் பிடிக்கும் மாமாவை விட்டுவிடலாம், அவர் கதை எல்லோருக்கும் தெரியும். அடுப்படியிலேயே இருந்துவிட்டவர், எல்லோரும் பேசும்போது தலையை மட்டும் ஆட்டுபவர், அவரைத் தேர்ந்தெடுங்கள். “என்னிடம் என்ன கதை இருக்கிறது?” என்றுதான் முதலில் சொல்வார். என் பெரியம்மாவும் அதைத்தான் சொன்னார். கெஞ்ச வேண்டாம். “நீங்கள் வேலைக்குப் போன முதல் நாளைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டும், பெரியம்மா” என்று ஒரே ஒரு காரணத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். வாழ்க்கைக் கதை என்றால் பயப்படுவார்கள். ஒரு நாள் என்றால் உட்காருவார்கள்.

கேட்பவர் யார் என்பதும் அதே அளவு முக்கியம். வானொலியில் நான் மறக்காத பதிவுகள் எல்லாவற்றிலும் கேள்வி கேட்டவர், அந்தப் பதிலால் தானும் பாதிக்கப்படக்கூடியவர். குடும்பத்தில் நன்றாகப் பேசத் தெரிந்தவரைத் தேடிப்போகாதீர்கள். அந்தப் பதில் யாருக்குத் தேவையோ அவரே எதிரே உட்காரட்டும்.

படி 2: கேள்விகளை எழுதுங்கள்

எட்டு அல்லது பத்துக் கேள்விகள், கையால் எழுதிய ஒரே தாள். போனில் எழுதிவைத்துப் பார்த்துப் படித்தால் உங்கள் கண் திரையிலேயே இருக்கும்.

2006-இல் ஸ்டோரிகார்ப்ஸில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயைப் பேட்டி எடுத்தான். அவனுக்கு ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் குறைபாடு. மனதில் பட்டதை நேராகக் கேட்கும் பிள்ளை. என்னிடம் எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டான். நீ ஆசைப்பட்ட மாதிரியான மகனாக நான் வந்திருக்கிறேனா என்று கேட்டான். எதிர்பார்த்ததைவிட மேலாகவே வந்திருக்கிறாய் என்றார் தாய். ஒரு தாயாகத் தன்னை அவன் எவ்வளவு வளரச் செய்தான் என்பதையும் சொன்னார். எந்தத் தேர்ந்த நிருபராலும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. கேட்டாலும் அந்தப் பதில் வந்திருக்காது.

உங்கள் தாளில் மூன்று வகைக் கேள்விகள் இருக்கட்டும். முதலில் எளிதில் பதில் வருபவை: பிறந்த வீடு, விளையாடிய இடம், வீட்டில் கூப்பிட்ட பெயர். நடுவில் ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிய கேள்விகள். கடைசியில், கேட்க உங்களுக்கே சற்றுத் தயக்கமாக இருக்கும் ஒரு கேள்வி. அந்தத் தயக்கம் இல்லையென்றால் தாள் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

“அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்ற கேள்வி மட்டும் வேண்டாம். அதற்கு “நன்றாகத்தான் இருந்தது” என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

படி 3: அறையையும் போனையும் தயார் செய்யுங்கள்

என் முதல் பதிவு முழுவதும் வீணானது. மேசை மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் ஓர் அழைப்பு வந்து பதிவு நின்றுவிட்டது. பெரியம்மா நல்ல உற்சாகத்தோடு பேசிய நாள் அது. இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் இருக்கிறது. ஆகவே இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

துணி அலமாரி, மெத்தை, திரைச்சீலை இருக்கும் படுக்கையறையே நல்லது. துணி எதிரொலியைக் குடித்துவிடும். ஓடு பதித்த கூடம் குரலைக் கிணற்றுக்குள் பேசுவதுபோல் ஆக்கிவிடும். மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்துங்கள். வெயில் காலமென்றால் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். குக்கர் விசில், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள், காய்கறி வண்டி, இவற்றின் நேரம் உங்களுக்கே தெரியும்.

நாற்காலிகளை எதிரெதிரே, முழங்கால்கள் கிட்டத்தட்டத் தொடும்படி போடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். மடித்த துண்டின் மேல், பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் மூச்சு மோதும். பதிவுச் செயலியில் ஒலித்தரத்தை உச்சத்தில் வையுங்கள். ஒரு நிமிடம் சோதனைக்குப் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். வெறும் காதுக்குத் தெரியாத குளிர்பெட்டி இரைச்சல் அதில் தெரியும்.

பக்கத்தில் தண்ணீரும் ஒரு கைக்குட்டையும் இருக்கட்டும்.

படி 4: பெயரைச் சொல்லித் தொடங்குங்கள்

ஸ்டோரிகார்ப்ஸ் பதிவுகள் இப்படித்தான் தொடங்கும். இருவரும் தங்கள் பெயர், வயது, தேதி, இடம், எதிரே இருப்பவர் தமக்கு என்ன உறவு என்பதைச் சொல்வார்கள். ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு அது குறிப்பேடு. பேசுபவருக்கோ தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் நேரம். பெரியம்மா தன் முழுப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் முறை.

படி 5: கேளுங்கள்

ஒலிபரப்பான கதைகளில் மிகவும் பேசப்பட்ட ஒன்று 2008-இல் வந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இரவில் சுரங்க ரயிலிலிருந்து இறங்கிய ஒரு சமூகப் பணியாளரைப் பதின்வயதுப் பையன் ஒருவன் கத்தியைக் காட்டி மிரட்டிப் பணப்பையைப் பறித்தான். அவன் திரும்பி நடக்கும்போது இவர் கூப்பிட்டு, இரவெல்லாம் இப்படித் திரியப் போகிறாய் என்றால் குளிருக்கு என் மேலங்கியையும் எடுத்துக்கொள் என்றார். பிறகு அவனைச் சாப்பிடவும் அழைத்தார். அவர் வழக்கமாகச் சாப்பிடும் உணவகம் அது. மேலாளர், பாத்திரம் கழுவுபவர், பரிமாறுபவர் என எல்லோரும் வந்து நலம் விசாரித்தார்கள். இந்தக் கடை உங்களுடையதா என்று பையன் கேட்டான். பில் வந்தது. என் பணம் உன்னிடம் இருக்கிறது, அதனால் நீதான் கொடுக்க வேண்டும், பையைத் திருப்பித் தந்தால் நான் கொடுக்கிறேன் என்றார். தந்துவிட்டான். அவர் அவனுக்கு இருபது டாலர் கொடுத்து, அதற்குப் பதிலாகக் கத்தியைக் கேட்டார். அதையும் கொடுத்துவிட்டான்.

இந்தக் கதையில் மன்னிப்பு, கருணை போன்ற சொற்களுக்கு வேலையே இல்லை. மேலங்கி, பாத்திரம் கழுவுபவர், பில், இருபது டாலர், கத்தி என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது மட்டும் வருகிறது. உங்கள் வேலை, பேசுபவரை அந்த வரிசைக்குள் கொண்டுவருவது. “அப்புறம்?”, “அப்போது கையில் என்ன இருந்தது?”, “பக்கத்தில் யார் நின்றார்கள்?” போன்ற சிறிய கேள்விகள் போதும்.

என் பெரியம்மா, 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊர்ப் பள்ளியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த வேலை பிடித்திருந்ததா என்று கேட்டேன். “பிடித்தது” என்றார், அவ்வளவுதான். முதல் நாள் அடுப்பை எப்படிப் பற்றவைத்தீர்கள் என்று மாற்றிக் கேட்டேன். பதினோரு நிமிடம் பேசினார். முந்தின நாள் மழையில் நனைந்த விறகு, புகையில் கண் திறக்க முடியாமல் நின்றது, தன் நெஞ்சளவு தட்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு குட்டிப் பெண், எல்லாம் வந்தது.

அடுத்தது மௌனம். பேசுபவர் நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். எதிரே ஒருவர் கண்கலங்கும்போது பத்து எண்ணுவது எளிதல்ல. நான் ஏழு வரை எண்ணியிருப்பேன். பெரியம்மா தானாகவே தொடர்ந்தார். அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்ட பிறகு அண்டாவின் அடியில் காந்தல்தான் மிஞ்சியதாம். அதைச் சுரண்டித் தின்றுகொண்டே, “இருபது வருடமாக வீட்டில் சமைக்கிறேன், யாரும் கணக்கு வைத்ததில்லை. இதற்குக் கூலி உண்டு” என்று நினைத்தாராம். என் கேள்வித்தாளில் அதற்கான கேள்வியே இல்லை.

அழுகை வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பதிவை நிறுத்தாதீர்கள். போதும் என்று அவர் சொன்னால் உடனே நிறுத்துங்கள்.

படி 6: முடியுங்கள்

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் அந்தத் தயக்கமான கேள்விக்குப் போய்விடுங்கள். எப்படி நினைவுகூரப்பட விரும்புகிறீர்கள் என்பது ஸ்டோரிகார்ப்ஸ் பரிந்துரைக்கும் கேள்விகளில் ஒன்று. நம் வீடுகளில் அது அபசகுனமாகப் படலாம். “பேரப்பிள்ளைகளுக்கு என்ன சொல்லிவைக்க வேண்டும்?” என்று கேட்டால் அதே இடத்துக்குப் போய்ச் சேரும். பிறகு நீங்கள் அவருக்குச் சொல்ல நினைத்ததைச் சொல்லுங்கள், அதுவும் பதிவாகட்டும்.

எழுவதற்கு முன் இருவரும் பேசாமல் முப்பது விநாடி அறையின் ஓசையை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: வெட்டுங்கள், ஆனால் திருத்தாதீர்கள்

முழுப் பதிவைத் தொடாமல் பிரதி ஒன்றில் மட்டும் வேலை செய்யுங்கள். ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருள் போதுமானது. முதலில் முழுவதையும் கேட்டு, எந்த நிமிடத்தில் எது என்று தாளில் குறியுங்கள். நீங்கள் வேலையை மறந்து கேட்ட இடங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். அவற்றைச் சேர்த்தால் மூன்று நான்கு நிமிடம் வரும். உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடலாம். பதிலின் வரிசையை மாற்றிப் பொருளை மாற்றக் கூடாது.

தடுமாற்றத்தையும் ஊர்ப் பேச்சையும் அப்படியே விட்டுவிடுங்கள். புரூக்ளினைச் சேர்ந்த டேனி, ஆனி பெராசா தம்பதியின் பதிவுகள் இந்தத் திட்டத்தின் முகம்போல ஆகிவிட்டன. டேனி குதிரைப் பந்தயச் சீட்டு விற்கும் இடத்தில் எழுத்தர், ஆனி செவிலியர். டேனி நாள்தோறும் மனைவிக்குக் காதல் கடிதம் எழுதிவைப்பார். இந்தத் தோற்றத்தை வைத்துக்கொண்டு நான் உன்னைக் காதலிக்கிறேன் என்று சொல்வது, உடைந்த பழைய ரேடியோவிலிருந்து அழகான பாட்டு வருவது மாதிரி, அந்த ரேடியோவை நீ வீட்டில் வைத்திருப்பது உன் நல்ல மனசு என்று அவர் சொல்லும் இடம் இருக்கிறது. அந்தக் குரலே கரகரப்பான குரல். அதைத் துடைத்து மெருகேற்றியிருந்தால் அந்த வாக்கியம் செத்துப்போயிருக்கும். 2006-இல் டேனி புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது அவர்கள் வீட்டிலேயே இன்னொரு பதிவு நடந்தது. அது ஒலிபரப்பான அன்றே டேனி இறந்துபோனார். நேயர்களிடமிருந்து ஆனிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரங்கல் கடிதங்கள் வந்தன. கணவரின் கடிதம் வரும் இடத்தில் அவற்றில் ஒன்றைத் தினமும் எடுத்துப் படித்தார்.

படி 8: முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் பேசியவர் கேட்க வேண்டும். இது மரியாதை, அனுமதி கேட்பதும் இதுதான். ஐசே முன்பு நியூயார்க்கின் பவரி வீதியில் மலிவு விடுதிகளில் வாழும் ஆண்களைப் பற்றி ஒரு புத்தகம் தயாரித்தார். அதன் மாதிரிப் பக்கங்களைப் பார்த்த ஒருவர் அதைக் கையில் பிடித்தபடி “நான் இருக்கிறேன்!” என்று கத்திக்கொண்டே நடைகூடத்தில் ஓடினாராம். ஐசே இதைத் தன் உரையில் சொல்லியிருக்கிறார்.

பெரியம்மா ஓடவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். ஓர் உறவினரின் பெயரை எடுத்துவிடச் சொன்னார், எடுத்தேன். பிறகு, “அந்தக் குட்டிப் பெண்ணின் தட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும்” என்றார். அது தனிப் பதிவாக இருக்கிறது, ஆறு நிமிடம். தேதி, பெயர், ஊர் மூன்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதி, என் கணினியில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். பென் டிரைவ் பெரியம்மாவின் பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.